உள்ளதோடு சேர்த்து

படகுத்துறையில் அவளுக்குக் கறார் அக்கா என்று பெயர். சும்மா வைத்த பெயரில்லை. ஐஸ் விற்பவன் அவள் தலையைத் தூரத்தில் கண்டாலே விலையை ஏற்றி வைத்துக்கொள்வான். அப்படியும் அவள் அதைப் பழைய இடத்துக்கும் கீழே இறக்கிவிட்டுத்தான் போவாள். கயிறு வாங்கினால் ஊசி கேட்பாள், ஊசி கொடுத்தால் நூல் கேட்பாள். "கடையையும் எழுதி வாங்கிக்கங்கக்கா" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டால், "கடை என்ன விலை சொல்றீங்க?" என்று சிரிக்காமல் கேட்பாள். பேரத்தில் தோற்று வீடு திரும்பியதாக ஒரு நாள்கூடக் கிடையாது. அதில் அவளுக்குப் பெருமை தாங்காது.

அந்த வாய்தான் அவளை மாட்டிவிட்டது. எப்படி என்று கேளுங்கள்.

படகு அவள் பேரில் இருந்தது. ஓட்டுவது அவள் புருஷன். நல்ல மனுஷன், எதற்கும் சிரிப்பான், டீசல் வாடை பட்டால் தும்முவான், டீசலோடுதான் காலம் தள்ளினான். பிள்ளைகள் இல்லை. அவள் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்த தம்பி ஒருவன் இருந்தான், சின்னவன் என்று கூப்பிடுவார்கள். இவர்களுடைய முதல் படகிலிருந்து, ஒரு மழை நாளில், வலை இழுக்கும்போது தவறி விழுந்தவன். தேடாத இடமில்லை. உடம்புகூடக் கரைக்கு வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் இப்படிக் கறாராகிவிட்டாள் என்று சிலர் சொல்வார்கள். சுத்தப் பொய். கறார் பிறவியிலேயே வந்தது. அழுவதை மட்டும்தான் புதிதாக நிறுத்தியிருந்தாள்.

படகின் காப்பீடு முடிகிற சமயம் அது. வருடா வருடம் புதுப்பிக்கும் முன் கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பும். வயதான மனிதர், ஒல்லியாக, இருமல் மிட்டாயை எப்போதும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வருவார். கையில் ஒரு சின்னச் சுத்தியல். பலகை பலகையாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, எது நல்ல மரம், எது உள்ளுக்குள் இற்றுப்போனது என்று கண்டுபிடிப்பார். அவரிடம் ஒரு வினோதப் பழக்கம் உண்டு. படகில் நின்றுகொண்டு தொகை பேசமாட்டார். தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, ஐஸ் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டுதான் எண்ணைச் சொல்வார். சொல்லும்போதும் மதிப்பு என்பார். விலை என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர்கள் கிடையாது.

அன்றைக்குக் கொட்டகை பூட்டியிருந்தது.

"கீழ இறங்கி மதிப்பைப் பேசிக்கலாம்மா" என்றார் சர்வேயர்.

"ஏன் சார், இங்க பேசினா வாய் வலிக்குமா? வெயில்ல எங்க போய் நிக்கறது? இங்கயே முடிச்சுடலாம்."

அவர் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். குரலைத் தணித்துக்கொண்டார். "படகுக்கு வயசாகுதும்மா. தேய்மானம்னு ஒண்ணு இருக்கில்ல. போன வருஷம் போட்ட மதிப்பு இந்த வருஷம் நிக்காது. கொஞ்சம் குறைச்சுத்தான் போடணும்."

"வயசானா தேய்மானமா? அப்படிப் பாத்தா உங்களுக்கும் எனக்கும் என்ன சார் மிச்சம் இருக்கும்?"

எஞ்சின் குழிக்குள் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் இதைக் கேட்டுச் சிரித்தான். சிரிப்பு முடியுமுன் தும்மினான்.

"இல்லம்மா, கம்பெனியில ஒரு கணக்கு..."

"கம்பெனிக்காரங்க இந்தப் படகைக் கண்ணால பாத்தாங்களா? எஞ்சின் புதுசு. வலை புதுசு. மூழ்கிப்போனா நீங்க குடுக்கற காசுல நான் எதை வாங்கறது, பொம்மைப் படகா?"

"மதிப்புங்கறது வேறம்மா..."

"என்ன சும்மா மதிப்பு, மரியாதைன்னுட்டு! விலைன்னு சொல்லுங்க சார், பல்லுல ஒட்டிக்காது." அவளுக்குச் சூடு ஏறிவிட்டது. பேரத்தில் சூடேறினால் அவளுக்கு ஊர் உலகம் தெரியாது. படகின் விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "இந்தப் படகோட விலை என்னன்னு எனக்குத் தெரியும். எனக்குக் கட்டுப்படியாகற விலையை எவன் குடுக்கறானோ, அவன் எடுத்துட்டுப் போகட்டும். எஞ்சின், வலை, உள்ள இருக்கறதோட எல்லாம் சேர்த்து. இன்னிக்கே குடுத்துடறேன். கேக்கறவன் கேக்கட்டும்!"

அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. டொக்.

ஒரே ஒரு தட்டு. படகின் அடிப்பலகையில், தண்ணீருக்குள்ளிருந்து.

"என்ன சார், இன்னுமா தட்டிட்டு இருக்கீங்க?" என்று குழிக்குள்ளிருந்து புருஷன் குரல் கொடுத்தான்.

சர்வேயரின் கையில் சுத்தியல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. தாளை எடுத்து, போன வருடத் தொகையையே எழுதி, கையெழுத்துப் போட்டார். பலகையில் கால் வைத்து இறங்கப் போனவர் நின்றார்.

"கடைசியா ஒண்ணு சொன்னீங்களேம்மா, அதை வாபஸ் வாங்கிக்கங்க. இங்கயே நின்னு, வாய் திறந்து சொல்லிடுங்க."

"பேசின பேச்சை வாபஸ் வாங்கறதா? அது நம்ம வழக்கத்துலயே இல்ல சார்" என்றாள் அவள். அவர் ஓட்டமும் நடையுமாகப் போவதைப் பார்த்து அவளுக்கு ஒரே குஷி. சர்வேயரையே மடக்கிவிட்டாள் என்று அன்று முழுக்கத் துறையில் அதே பேச்சு.

மறுநாள் காலை படகில் நங்கூரம் கிடந்தது. அவர்களுடைய இப்போதைய நங்கூரமில்லை. எப்போதோ பாறையில் மாட்டிக்கொண்டு, கயிற்றை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டு வந்த பழையது. அறுத்த கயிற்றின் மிச்சம் அதிலேயே இருந்தது, புருஷன் போட்ட முடிச்சோடு. துரு இல்லை, பாசி இல்லை. ஈரம் மட்டும் இருந்தது.

"பாத்தியா, கடலே கொண்டாந்து குடுத்துட்டுப் போயிடுச்சு!" என்றான் புருஷன். அவனுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "யாராவது வலையில மாட்டியிருக்கும், நம்மளதுன்னு தெரிஞ்சு போட்டுட்டுப் போயிருப்பாங்க" என்றாள் அவள். வாய் அப்படிச் சொன்னது, மனசு ஒட்டவில்லை.

அடுத்து ஒரு டார்ச் வந்தது. அவன் கைதவறிக் கடலில் போட்டது. அமுக்கினால் எரிந்தது. அதற்கடுத்து ஒரு தூக்குச் சட்டி. மூடியில் அவள் ஆணியால் கீறி வைத்த அடையாளம் இருந்தது. அலையில் அடித்துக்கொண்டு போய் எத்தனையோ காலமாகிறது. புருஷன் மூடியைத் திறந்தான். உள்ளே சோறு இருந்தது. ஆவி பறந்தது.

"அட, சூடா இருக்கு!" என்று அந்த அசட்டு மனுஷன் கையை விடப் போனான். அவள் பாய்ந்து தட்டிவிட்டாள். சட்டி உருண்டு சோறு பலகையெல்லாம் சிதறியது.

"ஏன்டி, சோத்தைப் போய்..."

"வாயை மூடுங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் வாங்கி விற்றவளுக்கு இதுகூடவா புரியாது? விலை பேசியாயிற்று, ஆள் வந்தாயிற்று. முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம் என்று எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிறான். அவள் காலமெல்லாம் மற்றவர்களிடம் செய்ததும் இதுதான். பேரம் முடியுமுன் கையில் கொடுத்து வைக்கிற இதற்கு அச்சாரம் என்று பெயர்.

சர்வேயரின் அறை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. படியெல்லாம் ரப்பர் நாற்றம். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்ற, காகிதக் கட்டுகளுக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் வந்ததைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"என்னென்ன வந்துது?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னாள். சொல்லிவிட்டு, "தொகையைக் குறைச்சுப் போட்டுடுங்க சார். பாதியாக்குங்க. பாலிசியையே வேணும்னாலும் ரத்து பண்ணிடுங்க" என்றாள். தொகையைக் குறைக்கச் சொல்லிக் கறார் அக்கா கெஞ்சினாள் என்றால் துறையில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

"அது கம்பெனிக்கும் உங்களுக்கும் உள்ளதும்மா. எந்தத் தொகை போட்டாலும் தாள்ல இருக்கும். இது நீங்க வாயால பேசின பேரம். அச்சாரம் வந்துட்டப்புறம் வெறும் வாய் வாபஸ் மட்டும் பத்தாது." அவர் மிட்டாய் மெல்வதை நிறுத்தினார். "வந்ததையெல்லாம் திருப்பிப் போட்டுடுங்க. ஒண்ணு விடாம. ஒண்ணை வீட்டுல வெச்சுக்கிட்டாலும் அச்சாரம் வாங்கிக்கிட்டதாத்தான் அர்த்தம்."

"வாங்கிக்கிட்டா என்ன ஆகும்? படகு போகும், அவ்வளவுதானே? போய்த் தொலையட்டும்!"

"உள்ள இருக்கறதோட சேர்த்துன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"ஆமா. எஞ்சின், வலை..."

"நீங்க சொன்னப்போ உள்ள யாரும்மா இருந்தாங்க?"

அவளுக்கு அந்தத் தும்மல் காதில் கேட்டது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டபோது அவர், "வேற ஒரு துறையில பாத்திருக்கேன். அதுக்கு மேல கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வேகத்தில் திரும்பினாள். நங்கூரம், சட்டி, சிதறிய சோற்றுப் பருக்கை எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கடலில் போட்டாள். டார்ச்சைக் கொடுக்கமாட்டேன் என்று புருஷன் அடம்பிடித்தான். "நல்ல டார்ச்சு, எரியுது பாரு" என்றான். பிடுங்கி எறிந்தாள். சொன்னாள் அவனிடம், ஒன்று விடாமல் சொன்னாள். அவன் வழக்கம்போலச் சிரித்தான். அவள் கடலையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு சிரிப்பை நிறுத்தினான். "சரி, உனக்காகக் கொஞ்ச நாள் படகுல கால் வைக்கல, போதுமா?" என்றான்.

அதன்பிறகு எதுவும் வரவில்லை. தினமும் விடிந்ததும் முதல் வேலையாகப் படகைப் போய்ப் பார்ப்பாள். பலகை காய்ந்து கிடக்கும். மூச்சு விடலாம் என்று தோன்ற ஆரம்பித்தது. பேரம் முறிந்துவிட்டது, ஆள் வேறு படகைப் பார்த்துக்கொண்டு போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் படகின் அறையைப் பெருக்கப் போனாள். உட்காரும் பலகையின்மேல் ஒரு சட்டை மடித்து வைத்திருந்தது. வெளிர் நீலம். சொட்டச் சொட்ட ஈரம். கழுத்துப் பொத்தானைச் சிவப்பு நூலால் தைத்திருந்தது.

அந்தப் பொத்தானை அவள்தான் தைத்தாள். நீல நூல் தீர்ந்துபோயிருந்தது. "சிவப்புல தெச்சு மானத்தை வாங்கறியேக்கா" என்று சின்னவன் அன்று எகிறினான். "யார் உன் கழுத்தைப் பாக்கப் போறா, போடா" என்று அனுப்பிவைத்தாள். அந்தச் சட்டையோடுதான் விழுந்தான்.

எறிய வேண்டும், தெரியும். படகின் விளிம்புக்கு வந்து கையை நீட்டினாள். விரல் பிரியவில்லை. ஐஸ்காரனிடம் அரைக் காசுக்கு அரை நாள் நிற்கிற பெண்பிள்ளை, ஒரு பழஞ்சட்டையை விட முடியாமல் நின்றாள். நாளைக்கு எறிந்துகொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லி, பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். பின்கட்டில் கொடியில் போட்டாள். ராத்திரி முழுக்கச் சொட்டியது. காலையிலும் காயவில்லை. அதன்முன் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எஞ்சின் சும்மாவே கிடந்தா இறுகிப் போயிடும். கரையோரமா ஒரு சுத்து ஓட்டிட்டு வந்துடறேன்" என்று வாசலிலிருந்து புருஷன் சொன்னான்.

"ம்" என்றாள். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அவன் செருப்புச் சத்தம் தெருவில் போய் மறைந்தது.

வெயில் உச்சிக்கு வந்த வேளையில், வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

"அக்கோவ்."

அந்த 'கோவ்' ஒருவனுக்குத்தான் வரும்.

முன்கூடத்துக்கு வந்தாள். கதவு திறந்திருந்தது. வாசல்படிக்கு வெளியே சின்னவன் நின்றான். ஒரு நாள்கூட மூப்பில்லை. சரியாக முளைக்காத அதே மீசை. மேலே சட்டை இல்லை. தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக் காலடியில் தேங்கியிருந்தது. கொளுத்துகிற வெயிலில் தெருக்கல்லெல்லாம் பொரிந்துகொண்டிருக்க, அந்தத் தேக்கம் மட்டும் காயாமல் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தார், அங்கே யாரும் நிற்காதது போல மறுபடி குனிந்துகொண்டார்.

"சட்டை இங்க இருக்குன்னாங்க" என்றான். "பசிக்குதுக்கா. உள்ள வரவா?"

வாடா என்ற சொல் அவள் தொண்டை வரை வந்துவிட்டது. எத்தனை வருடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லக் காத்திருந்தாள்! பல்லைக் கடித்து நிறுத்தினாள்.

"மாமா எங்கடா?"

"படகுல."

"படகு எங்க?"

அவன் கடல் பக்கம் முகத்தைத் திருப்பினான். அப்போதுதான் காலையில் தான் சொன்ன 'ம்' அவளுக்கு ஞாபகம் வந்தது.

"யாருடா உன்னை அனுப்பினது?"

"கீழ இருக்கறவங்க. இந்த விலை சரியான்னு அக்காகிட்டக் கேட்டுட்டு வான்னாங்க. நீ உள்ள கூப்பிட்டா நான் வந்துடுவேன்க்கா. அப்புறம் எங்கயும் போகமாட்டேன். இங்கயேதான்."

அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு விலையை யாரும் அவள்முன் வைத்ததில்லை. இந்தப் பக்கம் அவள் தூக்கி வளர்த்த பிள்ளை பசியோடு நிற்கிறான். அந்தப் பக்கம் தும்மிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அவளோடு காலம் தள்ளிய மனுஷன். இருந்த ஆசைக்குத் தம்பியைக் கட்டிக்கொண்டு கதறியிருப்பாள். கால் தானாகவே ஒரு எட்டு முன்னால் போயிற்று. நிறுத்தினாள்.

திரும்பிப் பின்கட்டுக்கு ஓடினாள். கொடியிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு வந்தாள். வாசல்படிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டி, சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டாள். அவன் தோள் ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. சின்ன வயதில் நின்ற மாதிரியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டு, கடைசியில் சிவப்பு நூல் பொத்தானுக்கு வந்தாள். அதைப் போட நேரமாயிற்று.

"கட்டுப்படியாகாது" என்றாள்.

"அக்கா?"

"எனக்குக் கட்டுப்படியாகாதுன்னு சொல்லு. படகு விலைக்கு இல்ல. நான் பேசின பேச்சை வாபஸ் வாங்கிட்டேன்னு சொல்லு."

"இன்னும் கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்க்கா" என்றான் அவன். குரல் சன்னமாக இருந்தது. பேரம் பேச அவனுக்கு என்றைக்குமே தெரியாது.

"ஒரே பேச்சுடா."

அவன் தலையாட்டினான். கோபமில்லை. இரண்டடி பின்னால் வைத்து, கடைக்குப் போகிற பிள்ளை போல, "போயிட்டு வரேன்க்கா" என்றான்.

யார் கிளம்பினாலும் போயிட்டு வா என்றுதானே நம் வாயில் வரும். மயானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிற பிணத்திடம் தவிர, வெறும் 'போ' யாரிடமும் சொன்னதில்லை. போயிட்டு வா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவன் வந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வரேன்னு சொல்லாதடா" என்றாள். "போறேன்னு சொல்லு."

அவன் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தான். "போறேன்க்கா."

"போ" என்றாள்.

அவன் தெருவோடு நடந்து, திருப்பத்தில் மறைந்தான். காலடித் தேக்கம் அவள் பார்க்கப் பார்க்கக் காய்ந்து, உப்பு மட்டும் வெள்ளையாக நின்றது. அவள் செருப்புக்கூடப் போடாமல் துறைக்கு ஓடினாள்.

படகு வந்துகொண்டிருந்தது. பாதி மூழ்கியது போல, தண்ணீர் விளிம்பைத் தொட, தவழ்ந்து வந்தது. புருஷன் இடுப்பளவு நனைந்து, வாளியால் இறைத்து இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தான். கயிற்றை எறிந்தான். அவள் கட்டினாள். கரையில் கால் வைத்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"ஒரு ஓட்டை இல்லடி. அலைகூட இல்ல. பலகை பலகையாத் தண்ணி ஊறிக்கிட்டு மேல வருது. எஞ்சின் நின்னுபோச்சு. கால் ரெண்டையும் யாரோ பிடிச்சுக்கிட்ட மாதிரி நகர முடியல. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நினைச்சேன்." மூச்சு வாங்கினான். "அப்போ கீழருந்து ஒரு குரல். நம்ம சின்னவன் குரல் மாதிரியே இருந்துது. என்கிட்டப் பேசல, வேற யார்கிட்டயோ பேசுது. 'மாமாவை விட்டுடுங்க, அக்காவுக்குக் கட்டுப்படியாகலையாம்'னுது. உடனே கால் விட்டுது, தண்ணி நின்னுது, எஞ்சினும் தானா ஓட ஆரம்பிச்சுது."

அவள் தண்ணீரையே பார்த்தாள்.

"என்னடி கட்டுப்படியாகல? யார்கிட்ட என்ன பேரம் பேசிட்டு வந்தே?" என்று அவளை உலுக்கினான். பிறகு அவனுக்கே ஏதோ நினைவு வந்து, குரல் இறங்கியது. "இன்னொண்ணும் சொல்லுச்சு. 'நான் போறேன் மாமா'ன்னுது. அவன் எப்பவும் வரேன்னுதானே சொல்லுவான்?"

கறார் அக்கா துறைப் படியிலேயே உட்கார்ந்தாள். ஐஸ்காரன், கயிற்றுக் கடைக்காரர், எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.